சூடம் அணைத்தவன்

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். விசிறி இவ்வளவுதான் சுற்றும். மின்சாரம் இவ்வளவுதான் வருகிறது, அது வேறு போராட்டம்.

கானாற்று வெள்ளத்தில் ஜமுனா செத்தது யாரால் என்று விசாரிக்க ஆர்.டி.ஓ. அம்மாவே நேரில் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்கு வராமல் அந்த விசாரணை முடியாது என்று அப்போதே டீக்கடையில் சொல்லிவிட்டேன். வந்துவிட்டீர்கள், நல்லது. யாரால் என்று நான் சொல்கிறேன். கேபிள் டிவி சுதாகரால். அவன் உள்ளே போக வேண்டும். சும்மா போகக் கூடாது, ஜாமீன் கிடைக்காத பிரிவில் போக வேண்டும். கையில் விலங்கோடு அவனை பஜார் வழியாக நடத்திக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டால் எனக்குப் போதும். அப்புறம் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தாலும் சரி.

முதலில் நான் யார் என்று போட்டுக்கொள்ளுங்கள். பெயர் கதிரொளி. பெற்றவர்கள் வைத்தது காத்தவராயன். இருபது வயதில் நானே மாற்றிக்கொண்டேன். படிப்பு எட்டாவது. அது பள்ளிக்கூடத்துக் கணக்கு. என் உண்மையான படிப்பு துண்டறிக்கை. தோல் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றுகொண்டே படித்தவன் நான். இடி எப்படி விழுகிறது, மின்னல் எப்படி வெட்டுகிறது, இந்திரன் வஜ்ராயுதத்தை வீசவில்லை என்பதையெல்லாம் நாலணா வெளியீட்டில் படித்துவிட்டு, அன்று மாலையே தெருமுனையில் பேசியவன். இந்த ஊரில் மின்னலுக்கு விளக்கம் சொன்ன முதல் ஆள் நான்தான். சுதாகர் அப்போது பிறந்திருக்க மாட்டான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிறைக்குப் போயிருக்கிறேன். எத்தனை முறை என்று கேட்காதீர்கள், பெருமைக்குச் சொல்வதாக ஆகிவிடும்.

இந்த சுதாகர் இருக்கிறானே, ஊர் முழுக்கக் கம்பி இழுத்து கேபிள் டிவி நடத்துகிறவன். லோக்கல் சேனல் ஒன்று வைத்திருக்கிறான். கல்யாண வாழ்த்து, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, நடுநடுவே சினிமாப் பாட்டு. நான் கவுன்சிலருக்கு நின்ற வருஷம், என்னுடைய கடைசிப் பொதுக்கூட்டத்தை நேரடியாகக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டான். நான் பேச ஆரம்பித்து, குடிநீர்ப் பிரச்சினைக்கு வந்தேன், மக்களைக் கட்டிப் போடுகிற இடம் அது. அந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டு ஒரு காதல் பாட்டைப் போட்டான் அம்மா. வீடு வீடாக என் முகம் மறைந்து, எவளோ ஒருத்தி அருவியில் ஆடினாள். தேர்தலில் தோற்றேன். கேட்டால், "ஒயர் அறுந்துடுச்சுண்ணே" என்கிறான். ஒயர் அறுந்தால் பாட்டு எப்படி வரும்?

அது பழைய கதை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் மறந்தே போய்விட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கானாறு இருக்கிறதே, மலையிலிருந்து இறங்கி ஊரைப் பிளந்துகொண்டு போகிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலும் குப்பையும்தான். அதன் கரையில் நம் மக்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். பட்டா வாங்கிக் கொடுத்தது நான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் என்னிடம் அனுப்புங்கள்.

இந்த வருஷக் கத்திரி வெயில் உங்களுக்கே தெரியும். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. ஷூ கம்பெனியில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அப்போதுதான் சுதாகருக்கு வானிலைப் பைத்தியம் பிடித்தது. கைபேசியில் ஏதோ ராடார் படமாம், அதைப் பார்த்துவிட்டு சேனலில் உட்கார்ந்து சொல்கிறான். அதற்கென்று ஒரு கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டான் அம்மா! இந்த வெயிலில் கோட்டு! "வெயில் எவ்வளவு கொளுத்துதோ அவ்வளவு மேகம் எழும்பும். சாயங்காலம் மலையில இடி மழை கொட்டினா தண்ணி நேரா கானாத்துலதான் இறங்கும். கரையில இருக்கிறவங்க ஜாக்கிரதை" என்றான்.

மக்கள் நம்பினார்கள். பாய், பாத்திரம், மாவரைக்கிற மெஷின் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கரைமேட்டில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டு விழவில்லை. மறுபடி சொன்னான், மறுபடி போனார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நல்ல மழையாம். அந்தப் பக்கம் பெய்தால் எங்களுக்கு என்ன? "இடி மேகம் எங்க உடையும்னு கடைசி நேரத்துலதாண்ணே தெரியும்" என்றான். தெரியாது என்றால் வாயை மூடிக்கொண்டு காதுகுத்து போட வேண்டியதுதானே?

மூன்றாவது தடவை அவன் எச்சரிக்கை விட்டது எந்த நாள் தெரியுமா? என் கண்டனக் கூட்டத்து நாள். குடிநீர் கேட்டு. மேடை போட்டு, கொடி கட்டி, மைக் கட்டி நிற்கிறேன். எதிரே ஆள் இல்லை. அத்தனை பேரும் மண்டபத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் மைக்காரரும் ஒரு நாயும். நாய் கூட நிழலுக்காக வந்தது. அன்றைக்கும் மழை இல்லை.

இரண்டாவது தடவையாக என் பேச்சை நிறுத்தினான். சம்பந்தம் இல்லைதான். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும் இல்லையா?

விடுவேனா? மொட்டை வெயிலில், எல்லார் கையிலும் விரித்த குடையோடு, அவன் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தோம். குடைப் போராட்டம். பெயர் வைத்தது நான். "எங்கே மழை? எங்கே மழை?" என்று கோஷம். அதற்கு முன் அந்த மக்கள் என் பின்னால் அவ்வளவு சந்தோஷமாக வந்ததே இல்லை. ஜமுனாவும் வந்திருந்தாள். ஷூ கம்பெனிக்கு வீட்டில் இருந்தே மேல்தோல் தைத்துக் கொடுக்கிற பெண். கரையின் கடைசி வீடு. "கோட்டு மாமா, எங்க வீட்டு மூட்டையை இன்னிக்கு நீ தூக்கிட்டு வா!" என்று அவள் கத்தினாள் பாருங்கள், போலீஸ்காரரே சிரித்தார்.

சுதாகர் வெளியே வந்தான். முகம் செத்துப் போயிருந்தது. "இன்னாண்ணே பண்ணணும்?" என்றான்.

"இனிமேல் மழை என்று வாய் திறக்கக் கூடாது" என்றேன்.

"சரிண்ணே."

"சரி என்றால் போதாது. ஊர் அறிய உறுதி கொடு."

கூட்டத்தில் யாரோ, "கெங்கையம்மன் முன்னால சூடம் அணைக்கச் சொல்லு!" என்றார்கள். நான் பகுத்தறிவுக்காரன். ஒரு கணம் யோசித்தேன். மக்கள் மொழியில் மக்கள் தண்டனை, சரி என்றேன். கோயிலுக்குள் நான் போகவில்லை. இதை முக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். வாசலுக்கு வெளியே, சாக்கடைக்கு இந்தப் பக்கமாகத்தான் நின்றேன். கொள்கை கொள்கைதான். அங்கே நின்றுகொண்டே ஒவ்வொரு வார்த்தையாக நான் சொல்ல, அவன் திருப்பிச் சொன்னான். "மழை பற்றி இனி என் வாயாலோ, டிவியாலோ, கைபேசியாலோ இந்த ஊருக்கு அறிவிக்க மாட்டேன். மீறினால் என் குடும்பம் விளங்காது." சொல்லிவிட்டு எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தான். உள்ளங்கை கொப்புளித்ததாம். அவன் அம்மா பக்கத்தில் நின்று அழுதாள். குடும்பம் என்ற வார்த்தையை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். நான் எடுக்கவில்லை. வாசகத்தில் ஒரு சொல் தளர்ந்தாலும் எதிரி நுழைந்துவிடுவான் என்பது எத்தனையோ துண்டறிக்கை எழுதிக் கற்றது.

அதற்குப் பிறகு ஊர் அமைதியாக இருந்தது. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பாட்டு. கோட்டைக் கழற்றிவிட்டான். அரசாங்கத்துக் குறுஞ்செய்தி மட்டும் தினம் வரும். மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை என்று. நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது அம்மா, அதை யார் படிக்கிறார்கள்? எங்கள் கானாறு என்று அதில் ஒரு சொல் உண்டா?

வெள்ளம் வந்த நாளுக்கு வருகிறேன். அன்று மாலை வெற்றி விளக்கப் பொதுக்கூட்டம். குடைப் போராட்டத்தின் வெற்றி. மேட்டுத் தெருவில் மேடை, குழாய் ஒலிபெருக்கிகள் கானாற்றுக் கரை முழுக்க. கடைசி வீட்டுப் புளியமரத்தில்கூட ஒன்று கட்டச் சொன்னேன். போன தடவை கூட்டம் இல்லாமல் போனதே, இந்தத் தடவை வீட்டில் இருக்கிறவனும் கேட்டே ஆக வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காற்று துளி அசையவில்லை. சுதாகர் வந்தான். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வந்து நின்றான். சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

"அண்ணே, மலை மேல கட்டுது" என்றான்.

"என்ன கட்டுகிறது? வீடா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. படத்தைப் பாருங்க. செவப்பா நிக்குது. காத்து இல்ல, நகராது. நின்ன இடத்துலயே கொட்டிடும். ஊர்ல ஒரு தூறல்கூட வராது, தண்ணிதான் வரும். பொழுது சாயறதுக்குள்ள வந்துடும்."

"சூடம் அணைத்தாயே?"

"அணைச்சேன். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நான் சொன்னா சிரிப்பாங்க. நீங்க சொன்னா எழுந்து போவாங்க. மைக் கட்டியாச்சு இல்ல? உங்க வாயால சொல்லுங்க. என் பேரே வேணாம். நீங்களே கண்டுபிடிச்சதா சொல்லிக்குங்க."

பார்த்தீர்களா தந்திரத்தை? என் மைக்கில் அவன் செய்தி! மழை வந்தால் அவன் சொன்னது பலித்தது. வராவிட்டால் நான் பொய்யன். எப்படிப்பட்ட மூளை!

நான் நிதானமாகக் கேட்டேன். "என் தேர்தல் கூட்டத்து அன்றைக்கு ஒயர் அறுந்ததா, நீ அறுத்தாயா?"

அவன் என்னைப் பார்த்தான். "அண்ணே, அது இப்ப எதுக்கு?"

"சொல்."

"நான்தாண்ணே நிறுத்தினேன். எதிர்க்கட்சிக்காரன் மிரட்டினான், பயந்துட்டேன். தப்புதான். கால்ல வேணா விழறேன். மைக்கை எடுங்க."

விழுந்தான் அம்மா. இந்தத் தரையில். சுட்ட கையை ஊன்ற முடியாமல் முழங்கையை ஊன்றி விழுந்தான். எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா அந்த ஒரு வார்த்தைக்கு? நெஞ்சில் இருந்த முள்ளை யாரோ பிடுங்கியது போல இருந்தது. ஆனால் யார் கேட்டார்கள் அதை? நானும், அடுப்படியில் இருந்த என் மனைவி கன்னியம்மாவும். இரண்டு பேர். என்னை அவமானப்படுத்தியது ஊர் முழுக்க, மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளா?

"சாயங்காலம் மேடைக்கு வா. இதையே மைக்கில் சொல். அப்புறம் மழையைப் பற்றி யோசிக்கலாம்" என்றேன்.

"அதுக்குள்ள தண்ணி வந்துடும்ணே!"

"வராது. நீ சொன்ன எந்த மழை வந்தது?"

அவன் எழுந்து ஓடினான். கன்னியம்மா அடுப்படியை விட்டு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் வெளியே போனாள். எங்கே என்று கேட்கவில்லை. கூட்டத்துக்கு முன் நான் பேச்சை மனதில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.

அன்று மாதிரி நான் பேசியதே இல்லை அம்மா. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. தலைக்கு மேலே கையை நீட்டி, "தோழர்களே, அண்ணாந்து பாருங்கள்! எங்கே மழை?" என்றேன். கைதட்டல். மலைப் பக்கம் மட்டும் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. இடி மாதிரி ஒரு சத்தமும் கேட்டது. "அது கல்குவாரி வெடி!" என்றேன். அதற்கும் கைதட்டல். நடுவில் கன்னியம்மா மேடைக்குக் கீழே வந்து இரண்டு கையையும் ஆட்டினாள். சேறும் வேர்வையுமாக இருந்தாள். சோடா வேண்டுமா என்று கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். மைக்காரரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். அவர் நல்ல மனிதர், ஒலியைக் கூட்டினார்.

அப்புறம்தான் தெரிந்தது. அவள் மத்தியானத்தில் இருந்து கரையில் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பியிருக்கிறாள். தோழர் பெண்டாட்டி சொல்கிறாள், தோழர்தான் அனுப்பியிருப்பார் என்று நினைத்துப் பலர் மேடேறியிருக்கிறார்கள். என் பெயருக்கு இருக்கிற மரியாதை அது. சுதாகரும் கூடவே திரிந்திருக்கிறான். நடக்க முடியாத ஒரு கிழவரை முதுகில் சுமந்துகொண்டு போனானாம். வெறும் படம் காட்டல்! அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

தண்ணீர் வந்தது. ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாமல், சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே, மரமும் பாறையும் ஆட்டுப் பட்டியுமாகச் சுவர் மாதிரி வந்தது. நான் மேடையில் இருந்து பார்த்தேன். முதலில் சத்தம்தான். கூட்டம் ஆரவாரம் செய்கிறது என்று நினைத்தேன்.

எல்லாரும் தப்பினார்கள், ஜமுனா தவிர. அவள் கதவைச் சாத்திக்கொண்டு தைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கன்னியம்மா மேடையில் இருந்து திரும்பி ஓடி, கடைசி வீட்டுச் சந்து முனை வரைக்கும் போய்க் கத்தியிருக்கிறாள். இடையில் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது, தாண்ட முடியவில்லை. ஜமுனா காதில் விழவில்லை. அந்தப் புளியமரத்துக் குழாய் அவள் கூரைக்கு நேரே. என் பேச்சு ஒரு சொல் விடாமல் உள்ளே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள், தான் கிளம்பும்போது கூப்பிட்டதற்கு ஜமுனா உள்ளிருந்தே, "இரு அக்கா, தோழர் சுதாகரைக் கிழிக்கிறாரு, கேட்டுட்டு வரேன்" என்று சிரித்தாளாம். கம்பெனி மூட்டை நனையாமல் பரணில் ஏற்றியிருந்தாள். மூட்டை நனையவில்லை.

நல்ல பெண். என் கூட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை.

இப்போது சொல்லுங்கள், இது கொலையா இல்லையா? ராடார் அவன் கையில். படம் அவன் கண்ணில். மத்தியானமே அவனுக்குத் தெரியும்! தெரிந்தும் டிவியில் போடவில்லை. சத்தியமாம், சூடமாம்! விஞ்ஞானம் பேசுகிறவன் சூடத்துக்குப் பயந்து ஒரு உயிரை விடுவானா? நான் பயப்படுவேனா? மூடநம்பிக்கையால் ஒரு தொழிலாளிப் பெண் பலி என்று துண்டறிக்கை அடித்தாகிவிட்டது. உங்களுக்கும் ஒன்று தருகிறேன்.

என்ன கேட்கிறீர்கள்? அவனுக்கு மத்தியானமே தெரியும் என்பதற்கு என்ன ஆதாரமா? நல்ல கேள்வி. இதைத்தான் எதிர்பார்த்தேன். நானே ஆதாரம். என்னிடம்தானே வந்து சொன்னான்! அதோடு கண்ணால் பார்த்த சாட்சியும் இருக்கிறது. என் மனைவி. அவன் வந்தது, சொன்னது, விழுந்தது, நான் பதில் சொன்னது எல்லாம் அடுப்படியில் இருந்து கேட்டவள்.

ஒரு சின்ன சிக்கல். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. ஜமுனா சாவு அவளை உலுக்கிவிட்டது. சோறு வைக்கிறாள், துணி துவைக்கிறாள், வாய் திறப்பதில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனால் நீங்கள் பெண், அதிகாரி; உங்களிடம் பேசுவாள் என்று நம்புகிறேன். கன்னியம்மா! இந்தா, கன்னியம்மா! இங்கே வா. ஆர்.டி.ஓ. அம்மா கேட்கிறார்கள். அன்றைக்கு சுதாகர் வந்தானே, அதைச் சொல். ஒன்று விடாமல் சொல்.

வந்துவிட்டாள் பாருங்கள். உட்கார். அந்த நாற்காலியில் வேண்டாம்... சரி, உன் இஷ்டம்.

என்ன? நான் வெளியே போகவா?

கேட்டீர்களா அம்மா, பேசிவிட்டாள்! இத்தனை நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை. என் எதிரில் பேசக் கூச்சப்படுகிறாள். அந்தக் காலத்துப் பெண். போகிறேன், போகிறேன். வாசலில்தான் இருப்பேன். அவள் பொய் சொல்ல மாட்டாள், அது எனக்குத் தெரியும். அவள் சொல்வதை அப்படியே என் சாட்சியமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். படித்துக்கூடப் பார்க்க மாட்டேன். கீழே எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போட்டுத் தருகிறேன்.